துடுப்பைப் பிடித்த கை: ஆங்கில ஆற்றோவியங்களில் ஓய்வும் வர்க்கமும்

ஆங்கில நிலக்காட்சி ஓவியத்தில் வர்க்கம் பற்றிய ஆய்வு வயலில் தொடங்கிப் பெரும்பாலும் வயலிலேயே நின்றுவிட்டது. 1972இல் ஜான் பெர்ஜர் தம் தொலைக்காட்சித் தொடரில் தாமஸ் கெய்ன்ஸ்பரோவின் ‘திரு., திருமதி ஆண்ட்ரூஸ்’ ஓவியத்தைக் காட்டி, தங்கள் சொத்தின் நடுவே அமர்ந்திருக்கும் நிலக்கிழார்களை அதில் பாருங்கள் என்றார். அறுத்துக் கட்டிய கதிர்க்கட்டுகள் அந்தப் படத்தில் வரிசையாக நிற்கின்றன. அறுத்தவர் ஒருவர்கூட இல்லை. அடுத்த ஆண்டு ரேமண்ட் வில்லியம்ஸ் கிராமத்தையும் நகரத்தையும் பற்றி எழுதிய நூல் இலக்கியத்தில் இதே கேள்வியைக் கேட்டது. 1980இல் ஜான் பேரல் ‘நிலக்காட்சியின் இருண்ட பக்கம்’ நூலை வெளியிட்டார். 1730 முதல் 1840 வரையான ஓவியங்களில் கிராமத்து ஏழைகள் எங்கே நிறுத்தப்பட்டார்கள், அவர்கள்மேல் எவ்வளவு வெளிச்சம் விழுந்தது, எவ்வளவு சிறிதாக வரையப்பட்டார்கள் என்று அளந்து பார்த்த நூல் அது. ஆன் பெர்மிங்கம், மைக்கேல் ரோசன்தால் என்று பலர் அந்த வழியில் மேலும் நடந்தார்கள்.

அவர்கள் தந்த தெளிவு இல்லாமல் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் ஆறு வயலைப் போன்றதன்று. வயலில் உழைப்பவரையும் உலாவுபவரையும் வேலி பிரித்துவிடும், பருவமும் பிரித்துவிடும். நிலக்கரி ஏற்றிய படகும் இசைக்குழு ஏறிய படகும் ஒரே நாளில், ஒரே தண்ணீரில், ஒன்றையொன்று உரசிக்கொண்டுதான் போக வேண்டும். படகு தானாக நகராது. தள்ளவோ, கரையிலிருந்து இழுக்கவோ, தண்டு வலிக்கவோ ஓர் உடம்பு வேண்டும். எனவே ஆற்றோவியம் ஒன்றின் முன் நிற்கும்போது முதலில் துடுப்பைத் தேட வேண்டும் என்று நான் கருதுகிறேன். அது யார் கையில் இருக்கிறது? பிடித்திருப்பவர் கூலிக்கு வலிக்கிறாரா, மகிழ்ச்சிக்கு வலிக்கிறாரா? 1760 வாக்கில் கூலிக்காரர் வலிக்கிறார், கனவான் அமர்ந்திருக்கிறார். 1897க்கு வரும்போது கனவானே வலிக்கிறார். கூலிக்காரரைப் படத்தில் காணோம். இடைப்பட்ட ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதற்கு ஓவியங்களே நல்ல சாட்சி.

பதினெட்டாம் நூற்றாண்டில் ரிச்மண்டுக்கும் ஹாம்ப்டனுக்கும் இடைப்பட்ட தேம்ஸ் கரை லண்டன் செல்வர்களின் கோடைக்கால வாசலாக இருந்தது. சேறும் குழியுமான சாலைகளைவிடப் படகுப் பயணம் சுகமானது. ட்விக்கனத்தில் கவிஞர் போப் மாளிகை கட்டினார். அருகில், பின்னாளில் இரண்டாம் ஜார்ஜ் மன்னரான இளவரசரின் ஆசைநாயகி ஹென்ரியெட்டா ஹோவர்டுக்காக மார்பிள் ஹில் மாளிகை 1724இல் தொடங்கி 1729இல் எழுந்து முடிந்தது. அந்த வெள்ளை மாளிகையை 1762 வாக்கில் ரிச்சர்ட் வில்சன் எதிர்க்கரையிலிருந்து வரைந்தார். மாலை வெயிலில் ஆறு அசையாமல் கிடக்கிறது. முன்புறத்தில் குளிக்க வந்த ஆண்கள் சிலர். மாளிகை தூரத்தில், மரங்களுக்கு இடையில், சிறிய வெண்புள்ளியாகத் தெரிகிறது. அங்கே இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நமக்குத் தெரிய வேண்டியதில்லை. அவர்களின் ஓய்வை உருவமாகக் காட்டத் தேவையே இல்லாதபடி முழுக் காட்சியும் ஓய்வாக ஆகிவிடுகிறது. உடைமையாளரின் சும்மா இருத்தல் காற்றிலும் ஒளியிலும் கரைந்து நிற்க, குளிப்பவர்களின் சும்மா இருத்தல் மட்டும் கண்ணுக்குத் தெரியும் உடம்பாக மிஞ்சுகிறது.

இப்படிப் பேசத் தொடங்கியதற்கே 1982இல் பெரிய எதிர்ப்பு எழுந்தது. டேட் காட்சிக்கூடத்தில் நடந்த வில்சன் கண்காட்சிக்கு டேவிட் சோல்கின் எழுதிய விளக்க நூல், இந்த அமைதி நில உடைமையாளர்களின் விருப்பத்துக்கு ஏற்பச் செய்யப்பட்டது, சமூகத்தின் ஏற்றத்தாழ்வை இயற்கையின் ஒழுங்காகக் காட்டியது என்று வாதிட்டது. நாளிதழ்கள் கொதித்தன, கலைக்கூடத்துக்குள் மார்க்சியம் புகுந்துவிட்டது என்றார்கள். இன்று அந்த நூலை வாசிக்கும்போது எதற்கு இவ்வளவு கோபம் என்று வியப்பாக இருக்கிறது. சோல்கின் வில்சனின் ஒளியை மறுக்கவில்லை. அந்த ஒளி யாருக்காக என்று கேட்டார், அவ்வளவுதான். அந்தக் காட்சியின் பிற்கால வரலாறும் அவர் பக்கமே பேசுகிறது. மார்பிள் ஹில் நிலம் வீட்டுமனைகளாகப் போகும் நிலை வந்தபோது, ரிச்மண்ட் குன்றிலிருந்து தெரியும் ஆற்றுக் காட்சியைக் காக்க 1902இல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது. வில்சன், ரெனால்ட்ஸ், டர்னர் என்று தலைமுறை தலைமுறையாக ஓவியர்கள் பழக்கிவைத்த ஒரு பார்வை சட்டமானது. அடுத்த ஆண்டே மார்பிள் ஹில் பூங்கா பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வில்சன் தூரத்தில் வைத்ததை யோஹான் ஸோஃபனி கிட்டத்தில் வைத்தார். 1762இல் அவர் வரைந்த படத்தில் நடிகர் டேவிட் கேரிக் ஹாம்ப்டன் வீட்டின் ஆற்றோரப் புல்வெளியில் மனைவியோடு தேநீர் அருந்துகிறார். தம்பி தூண்டில் போட்டு நிற்கிறார். பணியாள் ஒருவர் பின்னால் காத்திருக்கிறார். கேரிக் பிரபு குலத்தவர் அல்லர், மேடையில் சம்பாதித்தவர். பிரபுக்கள் ஓய்வைச் சொல்லாமல் விடலாம். புதிதாக வந்தவருக்கு அதைத் தேநீர்க் கோப்பையோடும் தூண்டிலோடும் வரைந்து வைத்தாக வேண்டும்.

ஸோஃபனியின் ஆற்றோவியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது 1779க்கும் 1781க்கும் இடையில் உருவான ‘ஷார்ப் குடும்பம்’. அடிமை வணிகத்துக்கு எதிராக வாழ்நாள் முழுதும் போராடிய கிரான்வில் ஷார்ப்பும் உடன்பிறந்தவர்களும் ஃபுல்லம் அருகே தங்கள் ‘அப்போலோ’ படகில் இசைக் கச்சேரி நடத்துவது வழக்கம். படத்தில் வாத்தியங்கள், இசைத்தாள்கள், பட்டு உடைகள், குழந்தைகள், நாய் என்று எல்லாம் கூம்பாகக் குவிந்து ஏறுகின்றன. உச்சியில், மன்னரின் அறுவை மருத்துவர் வில்லியம் ஷார்ப் சுக்கானருகே தொப்பியை உயர்த்தி நிற்கிறார். உண்மையில் படகைச் செலுத்துகிற படகோட்டியையும் ஒரு பையனையும் ஸோஃபனி ஓரத்தில் சேர்த்திருக்கிறார். அவர்களும் முகமுள்ளவர்கள், குடும்பத்தின் ஒளிவட்டத்துக்குச் சற்று வெளியே நிற்கிறார்கள். அடிமைத்தனத்தைப் பொறுக்காத ஒரு வீடு தன் படகோட்டியைப் படத்துக்குள் அழைத்தது தற்செயலாக இருக்கலாம். ஆனாலும் அந்தக் காலத்து உல்லாசப் படகுச் சித்திரங்களில் தண்டு வலிப்பவர்களுக்குப் பெரும்பாலும் முதுகும் தொப்பியும்தான் வாய்த்தன என்பதை நினைத்தால், இந்த இருவரின் முகங்கள் முன்னால் கொஞ்ச நேரம் நிற்கத் தோன்றுகிறது.

இதே காலத்தில் வை ஆற்றில் வேறொரு வழக்கம் பரவியது. வில்லியம் கில்பின் 1770இல் செய்த பயணத்தைப் பற்றி 1782இல் வெளியிட்ட நூலைக் கையில் வைத்துக்கொண்டு, ராஸ் ஊரிலிருந்து செப்ஸ்டோ வரை வாடகைப் படகில் அமர்ந்து காட்சிகளை வரைந்துகொண்டே போவது நாகரிகமானது. கில்பின் நேர்மையாக எழுதிய ஒரு கருத்து இந்தத் துறைக்கே திறவுகோல். ஒழுக்க நோக்கில் பார்த்தால் உழைப்பாளிதான் மேலானவர். படத்துக்கு அழகு சேர்ப்பவரோ சும்மா சாய்ந்திருக்கும் நாட்டுப்புறத்தார் என்றார் அவர். ஏழையின் உழைப்பு ஓவியத்தைக் கெடுக்கும், ஏழையின் சோம்பல் ஓவியத்துக்கு உதவும். டின்டர்ன் மடத்தின் இடிபாடுகளில் குடியிருந்த பிச்சைக்காரர்களின் வறுமையையும் அவர் கண்டு எழுதினார். பயணிகள் வரைந்த படங்களில் ஐவிக் கொடிகளே நிறைந்தன.

ஜான் கான்ஸ்டபிளிடம் வரும்போது இந்தக் கணக்கு சிக்கலாகிறது. காரணம் குடும்பம். அவருடைய தந்தை கோல்டிங் கான்ஸ்டபிள் ஃப்ளாட்ஃபர்ட் நீராலையின் உரிமையாளர், தானிய வணிகர், ஸ்டவுர் ஆற்றுப் போக்குவரத்தை நிர்வகித்த ஆணையர்களில் ஒருவர். 1705இல் இயற்றிய சட்டத்தால் சரக்குப் படகு போகும்படி திருத்தப்பட்ட ஆறு அது. மாவும் தானியமும் கீழே போகும். நிலக்கரி மேலே வரும். கான்ஸ்டபிள் வரைந்த ஆறு ஒரு வேலைத்தளம். அந்த வேலைத்தளத்தில் அவர் முதலாளியின் மகன். படகுகளில் கழி ஊன்றுபவர்கள் பலர் அவருடைய வீட்டில் கூலி பெற்றவர்கள். ‘ஃப்ளாட்ஃபர்ட் ஆலை’ ஓவியத்துக்கு 1817இல் அவர் கொடுத்த தலைப்பிலேயே ‘படகு செல்லும் ஆற்றின் காட்சி’ என்ற சொற்கள் இருந்தன. பாலத்தடியில் குதிரை போக முடியாது என்பதால் இழுவைக் கயிற்றை அவிழ்க்கும் பையனும், குதிரைமேல் திரும்பி அமர்ந்திருக்கும் பையனும் அதில் இருக்கிறார்கள். இந்த நுட்பத்தை வேடிக்கை பார்க்க வந்த பயணி கண்டிருக்கவே முடியாது.

1819இல் காட்சிக்கு வந்த ‘வெள்ளைக் குதிரை’யை இன்னும் கவனித்துப் பார்க்க வேண்டும். இழுவைப் பாதை ஒரு கரையில் முடிந்து மறுகரையில் தொடங்கும் இடம். அங்கே குதிரையைப் படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோக வேண்டும். குதிரை அசையாமல் நிற்கிறது. ஆட்கள் முழு உடம்பையும் கழியில் சாய்த்துத் தள்ளுகிறார்கள். ஸ்டவுர் ஆற்றில் ஓய்வெடுப்பது விலங்கு, பாடுபடுவது மனிதன் என்ற அந்தக் கணத்தை ஆறடிக்கு மேல் அகலமுள்ள துணியில் வரைய ஒரு துணிச்சல் வேண்டும். வரலாற்றுக்கும் புராணத்துக்கும் ஒதுக்கப்பட்ட அளவு அது. நண்பர் ஜான் ஃபிஷர் 100 கினி கொடுத்து அதை வாங்கினார். அந்த ஆண்டே கான்ஸ்டபிள் ராயல் அகாதெமியின் இணை உறுப்பினரானார்.

அடுத்த ஆண்டின் ‘ஸ்ட்ராட்ஃபர்ட் ஆலை’யில் முன்புறம் சிறுவர்கள் தூண்டில் போடுகிறார்கள். அதிலிருந்து எடுத்த அச்சுச் சித்திரம் ‘இளம் வால்டனியர்’ என்று புகழ்பெற்றது. மீன்பிடித்தலைப் பற்றி 1653இல் நூல் எழுதிய ஐசக் வால்டனின் பெயரை வைத்து, ஆலையோரத்து ஊர்ப் பிள்ளைகளைக் கனவான்களின் பொழுதுபோக்கு மரபுக்குள் சேர்த்துக்கொண்டார்கள். பிள்ளைகள் விளையாட்டுக்காகப் பிடித்தார்களா, இரவுச் சாப்பாட்டுக்காகப் பிடித்தார்களா என்று படம் சொல்லவில்லை. வாங்குபவருக்கு முதல் பதில் போதுமாக இருந்தது.

1821இல் ‘வைக்கோல் வண்டி’ வந்தபோது கிழக்கு ஆங்லியா அமைதியான நாடாக இல்லை. நெப்போலியப் போர் முடிந்தபின் தானிய விலை விழுந்து, கூலி விழுந்து, 1816இல் லிட்டில்போர்ட், ஈலி ஊர்களில் கலகம் மூண்டது. 1822 வசந்தத்தில் தீவைப்புகள் பெருகின. கான்ஸ்டபிள் ஃபிஷருக்கு எழுதிய கடிதத்திலேயே அந்த இரவுத் தீக்கள் வருகின்றன. ஓவியத்திலோ வண்டி நீரில் நிற்கிறது, ஒருவர் புதர் அருகே படகும் தூண்டிலுமாக இருக்கிறார், வைக்கோல் வெட்டும் ஆட்கள் தொலைவில் வெண்புள்ளிகளாகத் தெரிகிறார்கள். பேரல் சொன்ன தூரம் இதுதான். அவரோடு நான் உடன்படுகிறேன், ஒரு திருத்தத்தோடு. வயலில் உழைப்பவரைத் தொலைவில் தள்ளிய அதே ஓவியர் ஆற்றில் உழைப்பவரை முன்னால் கொண்டுவந்தார். வயல்கூலியின் கோபம் அவருக்கு அச்சமூட்டியது. படகுக்காரரின் திறமை குடும்பப் பெருமையாக இருந்தது. ஒரே ஓவியருக்குள் இரண்டு வர்க்கப் பார்வைகள் இருந்ததை வயலை மட்டும் வைத்து ஆராய்ந்தால் பிடிக்க முடியாது.

கான்ஸ்டபிள் அளவுக்குப் பேசப்படாத ஜோசஃப் ஸ்டானர்டிடம்தான் வர்க்கமும் உல்லாசமும் வெட்டவெளிச்சமாக ஒரே துணியில் சந்திக்கின்றன. நாரிச் நகரத்துத் துணி வணிகரும் வங்கியாளருமான ஜான் ஹார்வி, வெனிஸின் நீர்த் திருவிழாக்களை மனத்தில் வைத்து, 1821 முதல் யேர் ஆற்றில் தோர்ப் கிராமத்தருகே ஆண்டுதோறும் நீர்விழா நடத்தினார். உயர்ந்தோர் தாழ்ந்தோர் எல்லாரும் வரலாம். நெசவுத் தொழில் யார்க்‌ஷயர் ஆலைகளிடம் தோற்றுக்கொண்டிருந்த காலத்தில், நெசவாளர்களும் முதலாளிகளும் ஒரே ஆற்றங்கரையில் ஒருநாள் கூடுவதில் அவர் ஓர் ஒற்றுமையைக் கண்டார் போலும். 1824ஆம் ஆண்டு விழாவை ஸ்டானர்ட் ஹார்விக்காக வரைந்தார். ‘தோர்ப் நீர்விழா, பிற்பகல்’ இன்று நாரிச் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

படத்தின் இடப்பக்கம் கனவான்கள்: வெண்பாய் விரித்த படகுகள், குடைகள், கொண்டோலாவில் ஹார்வி. வலப்பக்கம் நகரத்து எளிய மக்கள்: நெருக்கியடித்த படகுகள், உடம்புகள், உரத்த சிரிப்பு. நடுவில் திறந்த நீர். ஓவியர் சிவப்புச் சட்டையோடு தன்னையும் ஒரு படகில் வைத்திருக்கிறார். ஸ்டானர்ட் நல்ல படகோட்டி. சொந்தப் படகு வைத்துப் போட்டியிட்டவர். இரு கூட்டமும் ஒரே பொன்வெயிலில் குளிக்கின்றன. இந்தச் சமமான ஒளியைக் கண்டு மகிழலாம். ஆனால் நடுவே விடப்பட்ட நீரின் அகலத்தையும் பார்க்க வேண்டும். எல்லாரையும் அழைத்த விழாவிலும் யாரும் யாருடைய படகிலும் ஏறவில்லை. விழா ஏற்பாட்டாளர் எழுதக்கூடிய எந்த அறிக்கையையும்விட இந்தப் படம் உண்மையாக இருக்கிறது என்று நினைக்கிறேன். காசநோயால் 1830இல் தன் முப்பத்துமூன்றாம் வயதில் இறந்த இளைஞரின் சாதனை இது. 1992இல் ஆண்ட்ரூ ஹெமிங்வே நகரப் பண்பாட்டோடு இணைத்து நிலக்காட்சிகளை ஆராய்ந்த நூல் நாரிச் ஓவியர்களுக்கு உரிய இடம் தந்தது. இந்தத் துறையில் வயலை விட்டு நீருக்கு வந்த முக்கியமான நூல் அதுவே.

டர்னர் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அவரைப் பற்றி எழுதியவர்கள் குறைவில்லை. முடிதிருத்துபவரின் மகன், ட்விக்கனத்தில் தானே வரைபடம் போட்டு வீடு கட்டியவர், தூண்டிலும் கையுமாகத் திரிந்தவர். வில்லியம் மோஃபட் என்பவரின் மோர்ட்லேக் வீட்டை அவர் இருமுறை வரைந்தார். 1826இன் காலைக் காட்சியில் தோட்டக்காரர்கள் வேலையில் இருக்கிறார்கள். 1827இன் மாலைக் காட்சியில் குழந்தை விளையாடிவிட்டுப் போட்ட வளையம், திறந்து வைத்த சித்திரக் கோப்பு, ஆற்றில் கொடிகட்டிய படகுகள். காலையில் உழைத்தவர்கள் மாலையில் மறைந்துபோக, அவர்கள் சீராக்கிய புல்வெளி மட்டும் இருக்கிறது. இரண்டு படங்களையும் அருகருகே வைத்தால்தான் அந்த நாள் முழுமையாகிறது. இன்று ஒன்று நியூயார்க்கில், மற்றது வாஷிங்டனில்.

டர்னர் 1844இல் காட்சிக்கு வைத்த ‘மழை, நீராவி, வேகம்’ ஓவியத்தை ரயிலுக்காகவே எல்லாரும் பார்க்கிறார்கள். மேடன்ஹெட் பாலத்துக்குக் கீழே, தேம்ஸில், ஒரு சிறு படகும் இருக்கிறது. கிரேட் வெஸ்டர்ன் ரயில் 1838இல் அங்கே வந்தது. ஹென்லிக்கு 1857இல், மார்லோவுக்கு 1873இல் கிளைப்பாதைகள் வந்தன. ஒரே ரயில் இரண்டு காரியங்களைச் செய்தது: ஆற்றின் சரக்கைப் பறித்துக்கொண்டது, ஆற்றுக்கு லண்டன்வாசிகளைக் கொண்டுவந்து சேர்த்தது. 1885இல் இயற்றப்பட்ட தேம்ஸ் பாதுகாப்புச் சட்டம் ஆற்றைப் பொதுமக்களின் பொழுதுபோக்கு இடமாகவே கருதியது. ஒரு தலைமுறைக்கு முன் இழுவைக் குதிரைகள் நடந்த கரையில் இப்போது குமாஸ்தாக்களும் கடைச் சிப்பந்திகளும் கோடிட்ட சட்டையோடு நடந்தார்கள்.

தண்டு வலிப்பது விளையாட்டானபோது அதைத் தொழிலாகச் செய்தவர்களின் கதி என்ன? லண்டன் படகோட்டிகளின் தொழில் பழகுநர் காலம் முடித்தவர்களுக்காக, சிவப்பு மேலங்கியும் வெள்ளிச் சின்னமும் பரிசாகக் கொண்ட டாகெட் போட்டி 1715இலேயே தொடங்கிவிட்டது. ஹென்லி ரெகாட்டா என்ற படகுப்போட்டி விழா அதற்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேல் இளையது, 1839இல் பிறந்தது. அந்த ஹென்லி 1879இல் ஒரு விதி வகுத்தது: கூலிக்குப் படகுவேலை செய்தவரும், கைவினைஞராகவோ தொழிலாளியாகவோ கூலி பெற்றவரும் அமெச்சூர் போட்டியாளர் ஆக முடியாது. உடலுழைப்பால் வலுவடைந்த தோள் நியாயமற்ற அனுகூலம் என்று வாதிட்டார்கள். அந்த விலக்கு 1930களின் பிற்பகுதி வரை நீடித்தது. ஆங்கில ஆற்றோவியத்தில் நடந்ததை இந்த விதி எழுத்தில் செய்தது. துடுப்பைக் கூலிக்காரரிடமிருந்து வாங்கி, அவரைக் கரையில் நிறுத்தியது.

ஓவியத்தில் அதன் உச்சம் எட்வர்ட் ஜான் கிரெகரியின் ‘பூல்ட்டர்ஸ் லாக், ஞாயிறு பிற்பகல்’. பல ஆண்டுகள் உழைத்து 1897இல் ராயல் அகாதெமியில் காட்சிக்கு வைத்தார். மேடன்ஹெட் அருகே படகுகளை நீர்மட்டம் ஏற்றி இறக்கும் மதகு அது; ஞாயிறுகளில் உல்லாசப் படகுகள் அங்கே முட்டி மோதும். துடுப்பு, கழி, சுக்கான் எல்லாம் பயணிகள் கையிலேயே. வெள்ளை உடை, குடை, நாய்கள், வைக்கோல் தொப்பிகள். யார் பிரபு, யார் வங்கி எழுத்தர் என்று உடையை வைத்துச் சொல்ல முடியாத நெரிசல். அக்காலத்தவர்க்கு இதில் ஒரு கிளர்ச்சி இருந்திருக்கும். வில்சனின் ஆற்றில் ஒருவரையொருவர் தொட முடியாத மனிதர்கள் இங்கே படகோடு படகு உரச வேண்டியிருக்கிறது. யாருடைய துடுப்பும் யாருடைய விலாவிலும் இடிக்கலாம். நடுத்தர வர்க்கம் தன் ஓய்வை வெட்கமில்லாமல் கொண்டாடும் படம் என்ற அளவில் எனக்கு அதன்மேல் மதிப்பு உண்டு. அது இப்போது இருப்பது சோப்புத் தொழிலதிபர் லீவர் தம் தொழிலாளர்களுக்காகக் கட்டிய போர்ட் சன்லைட் ஊரின் கலைக்கூடத்தில்.

இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஜேம்ஸ் டிஸோ இதைவிடத் துணிந்திருந்தார். 1876இல் வந்த அவருடைய ‘தேம்ஸ்’ ஓவியத்தில் ஓர் ஆணும் இரண்டு பெண்களும் ஷாம்பெயின் புட்டிகளோடு படகில் சாய்ந்திருக்கிறார்கள். சுற்றிலும் பசுமை இல்லை. பாய்மரக் கம்பங்களும் புகையும் நிறைந்த லண்டன் துறைமுகம். விமர்சகர்கள் ஒழுக்கக்கேடு என்று முகம் சுளித்தார்கள். உழைப்பின் நடுவே ஓய்வைக் கொண்டுபோய் வைத்தது அவர்களின் உறுத்தலுக்குப் பாதிக் காரணமாவது ஆகியிருக்கும் என்பது என் கணிப்பு. மேல்தேம்ஸின் வில்லோ மரங்களுக்குக் கீழே அதே மூவரை வரைந்திருந்தால் இவ்வளவு சீற்றம் வந்திராது. அந்தத் துறைமுகத்துக்குக் கீழே, கிரேவ்ஸெண்ட் நோக்கி நீராவிப் படகுகளில் ஏறிப்போன எளிய மக்களின் ஒருநாள் உல்லாசம் அகாதெமிச் சுவர்களைவிடப் பத்திரிகைகளின் மரச்செதுக்குப் படங்களிலேயே மிகுதி. 1878 செப்டம்பர் 3 அன்று அப்படித் திரும்பிய ‘பிரின்சஸ் ஆலிஸ்’ படகு மோதி மூழ்கி அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேல்தேம்ஸையும் கீழ்த்தேம்ஸையும் சேர்த்து ஒரே ஆறாக எழுதும் ஓவிய வரலாறு இந்தத் துறையில் இன்னும் வர வேண்டியிருக்கிறது.

கரையில் நின்று பார்த்த பிள்ளையின் கண்கள் இருபதாம் நூற்றாண்டில்தான் பெரிய ஓவியமாயின. குக்கம் கிராமத்தில் 1891இல் பிறந்த ஸ்டான்லி ஸ்பென்சருக்கு ரெகாட்டா என்பது ஊருக்கு வெளியிலிருந்து வந்த செல்வர்கள் படகுகளில் மிதப்பதும் ஊரார் கரையிலிருந்து பார்ப்பதுமாக இருந்தது. 1950களில், முதுமையில், அந்தப் பால்ய நினைவை ‘குக்கம் ரெகாட்டாவில் போதிக்கும் கிறிஸ்து’ என்று வரையத் தொடங்கினார். குதிரைகளை அக்கரைக்குக் கடத்திய பழைய படகில் அமர்ந்து கிறிஸ்து போதிக்கிறார். சுற்றிலும் தட்டையடிப் படகுகளில் உல்லாசிகள். கான்ஸ்டபிளின் ஆட்கள் குதிரையைக் கடத்திய அதே வகைப் படகு. வேலைக்கான படகை மேடையாக்கி, உல்லாசப் படகுகளைச் சபையாக்கியதில் ஸ்பென்சரின் ஆன்மிகமும் வர்க்க நினைவும் ஒன்றாகிவிட்டன. 1959இல் அவர் இறந்தபோது ஓவியம் முடிந்திருக்கவில்லை.

காலவரிசையை மீறி வால்டர் க்ரீவ்ஸைக் கடைசியில் வைத்திருக்கிறேன். மற்ற எல்லாரும் கூலிக்கு வலிக்கும் துடுப்பை வெளியிலிருந்து பார்த்தவர்கள். அவர் மட்டும் துடுப்பின் பக்கமிருந்து வந்தவர். 1846இல் செல்சியில் படகு கட்டித் தண்டு வலித்த குடும்பத்தில் பிறந்தார். அவருடைய தந்தை டர்னரை ஆற்றில் ஏற்றிச் சென்றவர் என்று சொல்வார்கள். 1863இல் ஓவியர் விஸ்லர் அண்டைவீட்டுக்கு வந்தார். வால்டரும் அண்ணன் ஹென்றியும் இரவுகளில் அவரைத் தேம்ஸில் கூட்டிப்போனார்கள். வண்ணம் குழைத்தார்கள், சட்டகம் தயாரித்தார்கள், அவரிடம் வரையக் கற்றார்கள். விஸ்லரின் புகழ்பெற்ற இரவுக் காட்சிகளின் நிசப்தத்துக்குள் இந்தச் சகோதரர்கள் வலித்த படகு இருக்கிறது. எழுபதுகளின் இறுதியில் விஸ்லர் அவர்களைக் கைவிட்டார். 1911இல் லண்டன் கூபில் கூடத்தில் க்ரீவ்ஸின் படங்கள் காட்சிக்கு வந்து பரபரப்பானபோது, விஸ்லரின் சீடர்களும் வாழ்க்கை வரலாற்றாசிரியர்களுமான பென்னல் தம்பதியர் அவரைப் போலி என்று தாக்கினார்கள். கடைசிக் காலத்தில் சார்ட்டர்ஹவுஸ் தரும இல்லத்தில் இடம் கிடைத்து, 1930இல் இறந்தார்.

டேட் வைத்திருக்கும் ‘படகுப் போட்டி நாளில் ஹாமர்ஸ்மித் பாலம்’ ஏறத்தாழ 1862இல் வரைந்தது என்கிறார்கள்; விஸ்லரைச் சந்திப்பதற்கு முன்பு, பதினாறு வயதில். ஆக்ஸ்ஃபர்டும் கேம்பிரிட்ஜும் மோதும் நாள். பல்கலைக்கழகப் படகுகளை அவர் நடுநாயகமாக வைக்கவில்லை. தொங்குபாலம் முழுக்க மனிதர்கள். சங்கிலிகளின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள், கம்பிகளில் தொற்றிக்கொண்டிருக்கிறார்கள். பாலம் தாங்குமா என்ற பயம் பார்ப்பவருக்கு வருகிறது. நெளிவு சுளிவான பார்வைக்கோணத்தை அகாதெமியார் குறை சொல்லலாம். ஆனால் தலை தலையாக எண்ணி வரைந்த அந்தப் பொறுமையில் ஒவ்வொருவருக்கும் ஒரு தொப்பியும் ஓர் இருக்கையும் கிடைத்திருக்கின்றன. ஓய்வு நாளைக் கொண்டாடும் எளியவர்களை அழகுக்காக மெலிதாக்கவும் இல்லை, அச்சத்தால் தூரத்தில் தள்ளவும் இல்லை.

அருங்காட்சியக விளக்கங்களும் விஸ்லர் நூல்களும் இன்றும் க்ரீவ்ஸை விஸ்லருக்கு அடிக்குறிப்பாகவே தருகின்றன. அவரை ஸ்டானர்டின் நீர்விழாவுக்கும் கிரெகரியின் மதகுக்கும் நடுவில் வைத்து வாசிக்க வேண்டும். ஹார்வியின் விழாவில் வலப்பக்கம் ஒதுங்கியிருந்த கூட்டம் க்ரீவ்ஸிடம் பாலத்தின் உச்சிக்கு ஏறியிருக்கிறது. கிரெகரியிடம் அந்தக் கூட்டத்தைக் காணோம். மூன்றையும் ஒரே அறையில் தொங்கவிடும் கண்காட்சியை யாராவது நடத்தினால், அதன் விளக்க நூலில் தேம்ஸ் படகோட்டிகள் சங்கத்தின் தொழில் பழகுநர் பதிவேடுகளுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன். ஓவியங்களில் முதுகு காட்டி அமர்ந்திருப்பவர்களின் பெயர்களைத் தேடத் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.